பனிவிரிப்பின் உள்வெப்பத்தை விமானத்திலிருந்து அறிய முடியுமா?

கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிவிரிப்புகளுக்குள் ஓரிரு கிலோமீட்டர் ஆழத்தில் நிலவும் வெப்பநிலையை, துளையே போடாமல், மேலே பறக்கும் விமானத்திலிருந்து அளக்கிறார்கள் என்று படித்ததாகக் கேட்டிருந்தீர்கள். அகச்சிவப்பு வெப்பமானியைச் சுவரை நோக்கிப் பிடித்தால் அது சுவரின் மேற்பரப்பு வெப்பத்தைத்தான் காட்டும், அப்படியிருக்கப் பனிக்குள் மட்டும் எப்படிப் பார்க்க முடியும் என்பது உங்கள் ஐயம். ஐயம் நியாயமானது. அதற்கான பதிலின் முதல் பாதி எளிது: அகச்சிவப்பை விட்டுவிட்டு, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நீண்ட ரேடியோ அலைகளுக்குப் போனால், குளிர்ந்த பனி ஏறக்குறைய கண்ணாடியைப் போல ஆகிவிடுகிறது. இரண்டாம் பாதிதான் சிக்கலானது. விமானத்தில் இருக்கும் எந்தக் கருவியும் உள்வெப்பத்தை நேரடியாக அளப்பதில்லை. வெப்பத்தால் மாறும் வேறொன்றை அளந்து, அதிலிருந்து வெப்பத்தைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். செய்திகளில் ‘அளந்தார்கள்’ என்று வரும் இடத்தில் ‘கணித்தறிந்தார்கள்’ என்று மாற்றிப் படித்துக்கொள்வது நல்லது.

இந்த வெப்பநிலையை அறிய ஏன் இவ்வளவு பாடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த அளவு துல்லியம் வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. பனிவிரிப்பு அசையாத கட்டி அன்று. தன் எடையாலேயே மிக மெதுவாக ஒழுகும் பொருள். அந்த ஒழுக்கின் வேகம் வெப்பநிலையைக் கடுமையாகச் சார்ந்திருக்கிறது: மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் பனியை உருகுநிலைக்குக் கொண்டுவந்தால், அதே அழுத்தத்தில் அது ஏறத்தாழ ஏழு மடங்கு விரைவாக உருக்குலையும். அடித்தளத்தில் இந்தச் சார்பு இன்னும் கூர்மையாகிறது. அடிப்பனி பாறையோடு உறைந்து ஒட்டியிருந்தால் விரிப்பு தனக்குள் நெளிந்து மட்டுமே நகரும். உருகி, இடையில் நீர்ப்படலம் உண்டாகிவிட்டால் முழு விரிப்புமே பாறையின் மேல் வழுக்கத் தொடங்கும். மேலே மூன்று கிலோமீட்டர் பனி அழுத்தும்போது உருகுநிலையே மைனஸ் இரண்டரை டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பதால், அடியில் மைனஸ் மூன்றரை என்பதும் மைனஸ் இரண்டரை என்பதும் ஒரு டிகிரி வேறுபாடு மட்டும் அல்ல, நிற்கும் பனிக்கும் வழுக்கும் பனிக்கும் உள்ள வேறுபாடு. கடல் மட்டம் எவ்வளவு உயரும் என்று கணிக்கும் கணினி மாதிரிகள் ஒவ்வொன்றும் இந்த உள்வெப்பத்தை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டுதான் ஓடத் தொடங்குகின்றன. பெரும்பாலும் அந்த ‘எங்கிருந்தோ’ என்பது இன்னொரு மாதிரிதான்.

நேரடி அளவீடு என்றால் துளைதான். 1966இல் வடமேற்குக் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில், அமெரிக்க ராணுவம் பனிக்கு அடியில் தோண்டி அமைத்திருந்த முகாமிலிருந்து, 1,387 மீட்டர் பனியைத் துளைத்து முதன்முறையாக ஒரு பனிவிரிப்பின் அடியைத் தொட்டார்கள். மேலே மைனஸ் 24 டிகிரி அளவில் இருந்த வெப்பநிலை அடியில் மைனஸ் 13 ஆக இருந்தது. அங்கே பனி பாறையோடு உறைந்தே கிடந்தது. இரண்டே ஆண்டுகளில், 1968இல், மேற்கு அண்டார்க்டிகாவின் பைர்ட் நிலையத்தில் 2,164 மீட்டர் ஆழத்தில் அடியைத் தொட்டபோது துளைக்குள் நீர் ஏறியது. அங்கே அடிப்பனி உருகுநிலையில் இருந்தது. கிரீன்லாந்தின் உச்சிப் பகுதியில் 1992இல் முடிந்த கிரிப் துளை 3,029 மீட்டர் ஆழம். அதன் மேற்பாதி முழுவதும் மைனஸ் 32 டிகிரியை ஒட்டியே இருந்து, பிறகு இறங்க இறங்கச் சூடேறி, அடியில் மைனஸ் 8.6 டிகிரியை எட்டுகிறது. அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் வடமேற்கே 2003இல் 3,085 மீட்டரில் அடியைத் தொட்ட நார்த்கிரிப் துளையில், பூமிக்குள்ளிருந்து வரும் வெப்பம் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்ததால், அடிப்பனி உருகிக்கொண்டிருந்தது. தேடிப்போன மிகப் பழைய பனியின் ஒரு பகுதி அதனாலேயே கரைந்து போயிருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கிரீன்லாந்து மட்டுமே ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பானை. அடிவரை சென்ற ஆழ்துளைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பல கோடைப்பருவங்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

துளைகளுக்கு இடைப்பட்ட பரப்பை நிரப்பக் கோட்பாடு உதவுகிறது. 1955இல் பனியியலாளர் கார்டன் ராபின் ஒரு எளிய சமன்பாட்டைக் கொடுத்தார்: அடியிலிருந்து பூமியின் வெப்பம் கடத்தல் முறையில் மேலே ஏறப் பார்க்கிறது; மேலிருந்து ஆண்டுதோறும் விழுந்து புதையும் பனி தன் குளிரைச் சுமந்துகொண்டு கீழே இறங்குகிறது. பனிப்பொழிவு மிகுந்த இடத்தில் குளிர் வெகு ஆழம்வரை இறங்கும். கிரிப் துளையின் மேற்பாதி ஒரே சீராகக் குளிர்ந்திருப்பது இதனால்தான். பொழிவு அற்பமாக இருக்கும் கிழக்கு அண்டார்க்டிகாவின் உள்மேட்டிலோ அடிவெப்பம் மேலே வெகுதூரம் ஏறிவிடும். ஆகவே பூமியின் மிகக் குளிர்ந்த மேற்பரப்பு இருக்கும் அதே பகுதியில், நான்கு கிலோமீட்டர் கீழே வோஸ்டாக் ஏரி உறையாமல் கிடக்கிறது. ராபினின் சமன்பாட்டுக்குள் இட வேண்டியவற்றில் மேற்பரப்பு வெப்பமும் பனிப்பொழிவும் பனியின் தடிப்பும் ஓரளவு தெரிந்தவை. பூமியின் அடிவெப்பப் பாய்வுதான் தெரியாதது. ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிவாட் என்று வைத்துக்கொண்டால் அடியோரப் பனியில் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சுமார் இரண்டரை டிகிரி வெப்பம் மாறும். 70 என்று வைத்துக்கொண்டால் கணக்கே வேறு. அந்த ஒரு எண்ணைப் பற்றிய அறியாமையைக் குறைக்கத்தான் விமானங்கள் பறக்கின்றன என்றுகூடச் சொல்லலாம்.

இனி அலைகளுக்கு வருவோம். அகச்சிவப்பில் பனி ஒளிபுகாப் பொருள். அதன் மேல்தோலிலிருந்து வரும் கதிர்தான் நம்மை வந்தடையும். கிழக்கு அண்டார்க்டிக் மேட்டில் மைனஸ் 98 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையைச் செயற்கைக்கோள்கள் கண்டது இந்த முறையில்தான், ஆனால் அது தோலின் வெப்பம் மட்டுமே. மைக்ரோவேவ் பகுதிக்கு இறங்கினால் நிலைமை மாறுகிறது. 1.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், வறண்ட குளிர்பனி அலையை மிகக் குறைவாகவே விழுங்குகிறது. இங்கே பழைய விதி ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: நன்றாக விழுங்கும் பொருளே நன்றாக உமிழும். மிகக் குறைவாக விழுங்கும் பனி மிகக் குறைவாகவே உமிழ்கிறது. ஆகவே விமானத்தின் ஆண்டெனாவை வந்தடையும் ரேடியோ கதிர், ஒரு மெல்லிய அடுக்கிலிருந்து வராமல், நூற்றுக்கணக்கான மீட்டர் தடிப்புள்ள பனி முழுவதிலிருந்தும் துளித்துளியாகச் சேர்ந்த தொகை. மைக்ரோவேவ் பகுதியில் உமிழும் ஆற்றல் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அந்தத் தொகையை ஒரு வெப்பநிலையாகவே எழுதிவிடுகிறார்கள். ஒளிர்வு வெப்பநிலை என்று அதற்குப் பெயர். அது எந்த ஒரு ஆழத்தின் வெப்பநிலையும் அன்று. பல ஆழங்களின் வெப்பநிலைகளை, மேலே உள்ளவற்றுக்கு அதிக எடையும் கீழே உள்ளவற்றுக்குக் குறைந்த எடையும் கொடுத்து எடுத்த சராசரி.

இது வெறும் கோட்பாடு இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமானால், அண்டார்க்டிகாவின் டோம் சி பகுதியில் உள்ள கான்கார்டியா நிலையத்தில் ஒரு கோபுரத்தின் மேல் இத்தாலிய ஆய்வாளர்கள் வைத்திருந்த 1.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோமீட்டரை, அதாவது இயற்கையாக வரும் ரேடியோ கதிரை அளக்கும் கருவியைச் சொல்லலாம். அங்கே காற்றின் வெப்பநிலை கோடையில் மைனஸ் 30 அளவிலும் குளிர்காலத்தில் மைனஸ் 70க்குக் கீழும் ஊசலாடும். ரேடியோமீட்டர் காட்டிய ஒளிர்வு வெப்பநிலையோ ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட அசையவே இல்லை. பருவத்தின் சூடும் குளிரும் பனிக்குள் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. கருவி பார்த்துக்கொண்டிருந்தது அதற்கு வெகு கீழே இருந்த பனியை. செயற்கைக்கோள்களின் கருவிகளைச் சரிபார்க்கும் இடமாகவே டோம் சி பிறகு பயன்பட்டது.

ஒரே அதிர்வெண்ணில் கிடைப்பது ஒரே சராசரி. ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஆழத்துக்கு ஆழம் மாறும் வெப்பநிலையை மீட்டெடுக்க முடியாது. ஆனால் வெவ்வேறு அதிர்வெண்கள் வெவ்வேறு ஆழங்களுக்கு எடை கொடுக்கின்றன: 2 கிகாஹெர்ட்ஸில் வரும் கதிர் பெரும்பாலும் மேற்பகுதியிலிருந்தும், 0.5 கிகாஹெர்ட்ஸில் வருவது அதைவிட ஆழமான, ஆகவே பொதுவாக அதிகச் சூடான பகுதியிலிருந்தும் வருகிறது. இந்த எண்ணத்தைக் கருவியாக்கியவர்கள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் குழுவினர். ஜோயல் ஜான்சன், கென்னத் ஜெசெக் ஆகியோர் அதன் முக்கியப் பெயர்கள். நாசாவின் ஆதரவுடன் அவர்கள் உருவாக்கிய யூடபிள்யூபிராட் என்னும் கருவி 0.5 முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பைப் பன்னிரண்டு தடங்களாகப் பிரித்துக் கேட்கிறது. கூம்பு வடிவில் சுருளாகச் சுற்றிய ஓர் ஆண்டெனா நேர்கீழாகப் பனியை நோக்கியிருக்கும். சுருளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இவ்வளவு அகலமான அதிர்வெண் பரப்பையும் ஒரே ஆண்டெனா ஏறக்குறைய ஒரே விதமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு தடமும் வேறு வேறு பரப்பைப் பார்த்தால் ஒப்பீடே பயனற்றுப் போகும்.

இந்தக் கருவியின் மிகப் பெரிய தலைவலி பனி இல்லை, மனிதர்கள். 0.5 முதல் 2 கிகாஹெர்ட்ஸ் என்பது தொலைக்காட்சி, கைப்பேசி, ஜிபிஎஸ், விமானங்களின் தொலைவறி கருவிகள் எல்லாம் நெரிசலாகக் குடியிருக்கும் தெரு. அறிவியலுக்கென்று ஒதுக்கிக் காக்கப்படுவது 1,400 முதல் 1,427 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு இடுக்கு மட்டுமே. பனியிலிருந்து வரும் இயற்கையான முணுமுணுப்போடு ஒப்பிட்டால் ஒரு கைப்பேசிக் கோபுரம் போடுவது கூச்சல். கிரீன்லாந்தின் உட்பகுதியில் கோபுரங்கள் இல்லை என்பது பெரிய வாய்ப்பு. ஆனாலும் விமானத்தின் சொந்தக் கருவிகளும், தலைக்குமேல் செல்லும் செயற்கைக்கோள்களும் இருக்கவே செய்கின்றன. ஆகவே வரும் அலையைக் கடைசியில் ஒரு சராசரி எண்ணாகச் சுருக்காமல், உடனுக்குடன் இலக்கமாக்கி, மிகச் சிறிய காலத்துண்டுகளாகவும் அதிர்வெண் துண்டுகளாகவும் பிரித்துச் சோதிக்கிறார்கள். இயற்கையான வெப்ப இரைச்சலின் ஏற்ற இறக்கம் மணி வடிவப் பரவலைப் பின்பற்றும். மனிதர் அனுப்பும் குறிகை பெரும்பாலும் பின்பற்றாது. பரவலில் பொருந்தாத துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதைச் சராசரி காண்கிறார்கள். இந்த நுட்பம் கைகூடியிராவிட்டால் மற்றதெல்லாம் தாளில் எழுதிய சமன்பாடாகவே நின்றிருக்கும் என்பது என் கருத்து.

2016 செப்டம்பரிலும் 2017 செப்டம்பரிலும் இந்தக் கருவி கிரீன்லாந்தின் மேல் பறந்தது. பறந்த வழியில் கேம்ப் செஞ்சுரியும் இருந்தது. முகாம் 1967இலேயே கைவிடப்பட்டு, பனிக்குள் புதைந்து போயிற்று; ஆனால் 1966இல் அந்தத் துளைக்குள் வெப்பமானியை இறக்கி எடுத்த அளவுகள் அச்சில் இருந்தன. ஆழத்தில் இருக்கும் பனியின் வெப்பநிலை ஐம்பது ஆண்டுகளில் பெரிதாக மாறாது. ஆகவே மேலிருந்து கேட்ட பன்னிரண்டு எண்களிலிருந்து கணித்த, ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையைக் காட்டும் வரைகோடு, கீழே அன்று அளந்த வரைகோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நேராகச் சோதிக்க முடிந்தது. இந்தத் துறையில் இத்தகைய சோதனைக்கு இடம் கிடைப்பது அரிது. கிடைத்த இடங்களை விடாமல் பயன்படுத்துகிறார்கள்.

எண்களிலிருந்து வரைகோட்டுக்குப் போவது எப்படி என்பதில்தான் கவனமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு சராசரிகளைக் கொண்டு ஆழத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வெப்பநிலையைச் சொல்ல வழியில்லை. கணக்கற்ற வரைகோடுகள் அதே பன்னிரண்டு எண்களைத் தரும். அதனால் வரைகோட்டின் வடிவத்தை ராபினின் சமன்பாட்டிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு, மேற்பரப்பு வெப்பம், அடிவெப்பப் பாய்வு போன்ற சில எண்களை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்து, அளந்த ஒளிர்வுக்கு மிக நெருங்கிவரும் தொகுதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் முடிவில் கிடைக்கும் அழகிய வளைகோட்டின் வளைவு பனியிடமிருந்து வந்ததா, சமன்பாட்டிலிருந்து வந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேல் சில நூறு மீட்டருக்குப் பெரும்பாலும் பனியே பேசுகிறது. இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே பெரும்பாலும் சமன்பாடு பேசுகிறது.

இன்னொரு குழப்பம் மேல் நூறு மீட்டரிலேயே இருக்கிறது. விழுந்த பனி உடனே கட்டிப்பனியாகிவிடுவதில்லை. பல பத்து மீட்டர் தடிப்புக்கு, அடர்த்தி அடுக்குக்கு அடுக்கு ஏறியும் இறங்கியும் மாறும் இறுகுபனியாக இருக்கிறது. ஒவ்வொரு அடர்த்தி மாற்றமும் கீழிருந்து வரும் கதிரில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதிர்வெண் கூடக்கூட இந்த இழப்பு பொதுவாகக் கூடும். விளைவாக, உயர் அதிர்வெண்ணில் ஒளிர்வு குறைந்து காணப்பட்டால், ‘மேல்பனி குளிர்ந்திருக்கிறது’ என்றும் சொல்லலாம், ‘மேல்பனியின் அடுக்குகள் தடுக்கின்றன’ என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரிக்க அடர்த்தியின் ஏற்ற இறக்கத்தையும் தெரியாத எண்ணாகச் சேர்த்துக்கொண்டே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கிரீன்லாந்தின் ஓரங்களை நோக்கிப் போனால் இந்த வழியும் அடைபடுகிறது. அங்கே கோடையில் உருகிய நீர் பனிக்குள் இறங்கி மீண்டும் உறைந்து, ஆங்காங்கே தடித்த பனிக்கட்டிப் பட்டைகளாகவும் குழாய்களாகவும் நிற்கிறது. அவை அலையைச் சிதறடிக்கின்றன. உறையாத நீர் சிறிதே இருந்தாலும் போதும், அதற்குக் கீழே எதுவும் தெரியாது. பனி விரைவாக நகர்வதும், உள்வெப்பத்தை அறிவது மிக அவசரமாகத் தேவைப்படுவதும் அந்த ஓரங்களில்தான் என்பது இந்த முறையின் துரதிருஷ்டம்.

அங்கே இன்னொரு முறை ஓரளவு உதவுகிறது: ராடார். ரேடியோமீட்டர் காது மட்டும். ராடார் குரல் கொடுத்துவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிறது. பனி ரேடியோ அலைக்கு வழிவிடும் என்பது தெரியவந்ததே விமானங்களின் ரேடியோ உயரமானிகள் பனிப்பரப்பின் மேல் தவறான உயரத்தைக் காட்டியபோதுதான். அலைகள் பனியின் மேற்பரப்போடு நிற்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. 1960களில் கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தில் ஸ்டான் எவன்ஸ் இதற்கென்றே ராடார் கட்டினார். அதே ராபினின் தலைமையில் இருந்த அந்நிறுவனம் பிறகு அமெரிக்க, டென்மார்க் கூட்டாளிகளுடன் அண்டார்க்டிகாவின் ஒரு பெரும் பரப்பைப் பறந்து அளந்தது. நோக்கம் பனியின் தடிப்பை அறிவது. ஆனால் திரும்பி வரும் எதிரொலி எவ்வளவு மெலிந்து வருகிறது என்பதில் வெப்பநிலை ஒளிந்திருக்கிறது.

காரணம் இது. பனியின் மின்கடத்துதிறன் மிகக் குறைவு, ஆனால் வெப்பம் ஏற ஏற அது வேகமாக உயர்கிறது. கடத்துதிறன் உயர்ந்தால் அலை அதிகமாகத் தேயும். மைனஸ் 20 டிகிரியிலிருந்து மைனஸ் 10க்கு வந்தால் தூய பனியில் தேய்வு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 10 டெசிபெல் தேய்வு என்று வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பினால் 60 டெசிபெல், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கே மிஞ்சும். தேய்வு விகிதத்தில் சிறு மாற்றம்கூட எதிரொலியில் பெரிய மாற்றமாகத் தெரியும் என்பதால், ராடார் நல்ல வெப்பமானியாக இருக்க வேண்டும் என்று தோன்றும்.

தோன்றுவதுபோல் அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை, அதற்கான காரணம் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த முரண். அடியில் பனி சூடாக இருந்தால் வழியில் அலை அதிகமாகத் தேய்கிறது. ஆனால் சூடு உருகுநிலையை எட்டி நீர் இருந்தால், அந்த நீர், உறைந்த அடித்தளத்தைவிடப் பத்து டெசிபெல் அளவுக்கு மேலும் வலுவாக அலையைத் திருப்பி அனுப்புகிறது. ஒன்று எதிரொலியை மெலிவிக்கிறது, மற்றது அதை வலுவாக்குகிறது. மேலே வந்துசேரும் ஒற்றை எண்ணில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, குளிர்ந்த பனியும் உறைந்த அடியும் உள்ள இடத்தைப் போலவே காட்சி தரலாம். தேய்வு தெரிந்தால்தான் அடியின் ஈரம் தெரியும். தேய்வை அறிய வெப்பநிலை தெரிந்திருக்க வேண்டும். வெப்பநிலையைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஒரு வழி, அடியின் எதிரொலியை விட்டுவிட்டுப் பனிக்குள்ளேயே இருக்கும் அடுக்குகளைப் பயன்படுத்துவது. பழைய எரிமலை வெடிப்புகளின் அமிலத் தூவல் புதைந்து, பல நூறு கிலோமீட்டருக்குத் தொடர்ச்சியாக நீளும் மெல்லிய எதிரொலி அடுக்குகளாக நிற்கிறது. ஒரே நேரத்தில் படிந்த அடுக்கு எங்கும் ஏறக்குறைய ஒரே வலுவில் எதிரொலிக்கும் என்று கொண்டால், அடுத்தடுத்த ஆழங்களில் உள்ள அடுக்குகளின் எதிரொலி எவ்வளவு குறைந்துகொண்டே வருகிறது என்பதிலிருந்து இடைப்பட்ட பனியின் தேய்வும், அதிலிருந்து அதன் சராசரி வெப்பமும் கிடைக்கும். ஜோசப் மெக்கிரெகரும் கூட்டாளிகளும் 2015இல் கிரீன்லாந்து முழுவதற்கும் இதைச் செய்து காட்டினார்கள். நாசாவின் ஐஸ்பிரிட்ஜ் திட்டத்திலும் அதற்கு முன்பும் ஆண்டுக்கணக்கில் பறந்து சேர்த்த ராடார் பதிவுகள் அதற்குக் கைகொடுத்தன. இங்கேயும் ஒரு சிக்கல் ஒட்டிக்கொண்டு வருகிறது: கடத்துதிறன் வெப்பத்தை மட்டுமன்றிப் பனியில் கலந்துள்ள அமிலத்தையும் கடலுப்பையும் சார்ந்தது. பனியூழிக் காலத்துப் பனியில் காரத்தன்மையுள்ள தூசு மிகுந்து அமிலத்தை அடக்கிவிட்டதால், அது வெப்பத்துக்குச் சம்பந்தமில்லாமலேயே குறைவாகக் கடத்துகிறது. துளையிலிருந்து எடுத்த பனியின் வேதியியலைத் தெரிந்துகொள்ளாமல் ராடாரின் தேய்வை வெப்பநிலையாக மொழிபெயர்த்தால், பழைய பனி இருப்பதைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றிவிடும்.

ஆகவே நீங்கள் எங்காவது வண்ணம் தீட்டிய ஓர் உள்வெப்ப வரைபடத்தைப் பார்த்தால், இப்படிப் படிக்கலாம் என்பேன். வறண்ட உட்பகுதியில், மேல் ஒரு கிலோமீட்டருக்கு, சில டிகிரி தவறுக்கு இடம்கொடுத்து நம்பலாம். அடித்தளத்தின் வெப்பநிலையைத் தசமப் புள்ளியோடு யாராவது கொடுத்தால், எந்தத் துளையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். அடித்தளத்தைப் பொறுத்தவரை இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது ‘உறைந்தது’, ‘உருகியது’, ‘தெரியவில்லை’ என்ற மூன்று விடைகளே. ராடார், மேற்பரப்பு வேகம், கணினி மாதிரிகள், துளைகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கிரீன்லாந்துக்கு இப்படித் தீட்டிய வரைபடத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலும், கால்வாசிக்கும் மேற்பட்ட அடித்தளம் மூன்றாவது வகையில்தான் இருக்கிறது.

விமானத்தில் தேர்ந்த முறையை விண்வெளிக்குக் கொண்டுபோகும் முயற்சியும் நடக்கிறது. 2009இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்மாஸ் செயற்கைக்கோள் மண்ணின் ஈரத்தையும் கடலின் உப்பையும் அறியவே அனுப்பப்பட்டது, அதன் 1.4 கிகாஹெர்ட்ஸ் அளவுகளைக் கொண்டு ஜொவானி மசெலோனியின் குழு அண்டார்க்டிகாவின் உள்வெப்பத்தைக் கணித்துப் பார்த்தது. ஒற்றை அதிர்வெண், பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள பார்வைத்தடம் என்ற இரு குறைகளோடு செய்த கணிப்பு அது. அடுத்து, 0.4 முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் கிரையோராட் என்னும் செயற்கைக்கோள் முன்மொழிவு ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பரிசீலனையில் இருக்கிறது.

இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்குப் போனால் அடிவரையே பார்த்துவிடலாமே என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். அதற்கும் எல்லை இருக்கிறது. உயர் அதிர்வெண்களில் அதிர்வெண் குறையக் குறையத் தேய்வும் குறைந்துகொண்டே வருவது உண்மை. ஆனால் அரை கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, தேய்வில் பெரும்பங்கு மேலே சொன்ன கடத்துதிறனால் வருவது, அது அதிர்வெண்ணைச் சார்ந்ததே அன்று. அதற்குப் பிறகு எவ்வளவு இறங்கினாலும் பனி மேலும் தெளிவாவதில்லை. மாறாக, நம் பால்வழி மண்டலத்திலிருந்து வரும் ரேடியோ இரைச்சல் தாழ் அதிர்வெண்களில் வேகமாகக் கூடுகிறது. அது பனியில் பட்டுத் திரும்பி, கீழிருந்து வரும் மெல்லிய குரலோடு கலந்துவிடுகிறது. ஆண்டெனாவும் அலைநீளத்துக்கு ஏற்பப் பெரிதாகிக்கொண்டே போகும், விமானத்தில் அதைக் கட்டித் தொங்கவிட இடம் இருக்காது.

துளையிடும் வேலை இதனால் தேவையற்றுப் போய்விடவில்லை. டோம் சி-க்கு அருகில், லிட்டில் டோம் சி என்னும் இடத்தில், பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமையான பனியைத் தேடி ஐரோப்பியக் குழு ஒன்று துளையிட்டு, 2025 ஜனவரியில் 2,800 மீட்டர் ஆழத்தில் அடிப்பாறையைத் தொட்டது. அவ்வளவு பழைய பனி எஞ்சியிருக்க வேண்டுமானால் அடித்தளம் உருகாமல் இருந்திருக்க வேண்டும். பனி தடித்திருந்தால் அடி சூடாகி உருகிவிடும், மெலிந்திருந்தால் பழைய அடுக்குகள் போதிய இடைவெளியோடு இருப்பதில்லை. பொருத்தமான தடிப்பும் போதிய குளிரும் ஒருங்கே அமைந்த அந்தச் சிறு இடத்தைக் கண்டது, ஆண்டுக்கணக்கில் அதன் மேல் பறந்தும் தரையில் இழுத்தும் எடுத்த ராடார் அளவுகளையும், அவற்றை வைத்துச் செய்த வெப்பக் கணக்குகளையும் கொண்டுதான்.